இரண்டாம் தரம் கேட்பார்கள் என்று இருந்தோம்

எங்கள் குடியேற்றத்தில் ஒருவரை ஒரு பதவிக்குக் கேட்டால் அவர் முதலில் "எனக்கென்னத்துக்கு?" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் கேட்டால் "வேற ஆரும் படிச்ச ஆக்களைப் பாருங்கோவன்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து எழுப்பிவிட, "சரி, எல்லாரும் சொல்லுறியள்" என்று தலையைச் சொறிந்துகொண்டு எழும்பலாம். கோயில் சபைக்கும் இதுதான் முறை, வயல் செய்கிறவர்களின் கமக்காரர் சங்கத்துக்கும் இதுதான் முறை. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் அதை மீறியவருக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் கலியாணம் முடித்து உருத்திரபுரத்துக்கு வந்தது எழுபத்தேழாம் ஆண்டு. அந்த வருடக் கமக்காரர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் பொருளாளராக வரச் சொல்லிக் கேட்டவுடன் "ஓம், நான் செய்யிறன்" என்று எழும்பிவிட்டார். நல்ல மனிதர். கணக்கும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு "ஓம் பொருளாளர்" என்று பெயர் விழுந்துவிட்டது. வயலில் தண்ணீர் திறக்கிற நேரம் அவர் வந்தால், "உவரைக் கேக்கத் தேவையில்லை, கேக்க முதலே ஓமெண்டுவார்" என்று சிரிப்பார்கள். அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தபோதுகூட யாரோ அதைச் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

எனக்கு அந்த முறையில் எந்தக் குறையும் தெரியவில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டாம் என்பேன். அவர்கள் ஊற்றிக்கொண்டு வருவார்கள். குடித்துவிட்டு வருவேன். என் கணவர் என்னிலும் கூச்சக்காரர். பெண் பார்க்க வட்டக்கச்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று முழுநேரமும் பலகாரத் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்து ஒன்றும் எடுக்கவும் இல்லை. அவருடைய அக்கா, என் மச்சாள், "தம்பி பலகாரத்தைத்தான் கலியாணம் முடிக்கப் போறான்போல" என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

அவர் அப்போது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் நெல்லுக் களஞ்சியத்தில் மூட்டை நிறுத்து எழுதுகிற வேலையில் இருந்தார். எழுபத்தொன்பதில் கொழும்பு ஏஜென்சி ஒன்றின் மூலம் மஸ்கட்டுக்குப் போனார். ரோட்டுப் போடுகிற பெரிய கம்பனி. அங்கே அவருக்கு ரைம் கீப்பர் வேலை. விடியமுன் வாசலில் நின்று, வேலைக்கு வருகிறவர்களிடம் இலக்கம் போட்ட பித்தளைத் தகட்டை வாங்கிப் பலகையில் கொழுவ வேண்டும். பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் வந்தது, யார் வரவில்லை, யார் எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கடிதம் எழுதுவதைவிடக் கசற்றில் பேசி அனுப்புவதுதான் அப்போது வழக்கம். லீவில் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அறையில் ஆறு பேர் இருந்ததால் மற்றவர்களுக்கு முன்னால் பேச இவருக்கு வெட்கம். கம்பனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், வெறும் பஸ்சுக்குள் இருந்துதான் பேசுவார். முதல் கசற்றில் நெடுநேரம் காற்று இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இஞ்சேரும், நான்தான் கதைக்கிறன்" என்றார்.

"வேற ஆர் கதைக்கிறது? அந்த நாட்டு ராசாவோ?" என்றா மச்சாள். நானும் அவாவும் ரேப் றெக்கோடருக்கு முன்னால் இருந்து வயிறு நோகச் சிரித்தோம்.

போகப் போக அந்தக் குரல் மாறியது. வீட்டில் நான்கு சொல்லுக்கு மேல் பேசாத மனிதர் கசற்றின் இரண்டு பக்கமும் நிறையப் பேசினார். பேசியதெல்லாம் வேலையைப் பற்றித்தான். தகட்டை வாங்கும்போது முகத்தைப் பார்த்துப் பார்த்து ஆட்களைப் படித்துவிட்டார். மண் அள்ள வந்த ஒருவன் உண்மையில் கம்பி வளைக்கிறதில் கெட்டிக்காரன் என்று கண்டுபிடித்து எஞ்சினியரிடம் சொல்லியிருக்கிறார். அவனை அந்த வேலைக்கு மாற்றினார்கள். இன்னொருவனுக்கு உயரத்தில் நின்றால் தலை சுற்றும், ஆனால் சொல்ல வெட்கம். அவனைக் கீழே எடுத்துவிட்டார்.

"கலியாணப் பொருத்தம் பாக்கிறது மாதிரித்தான். ஆளுக்கு வேலை பொருந்த வேணும், வேலைக்கு ஆள் பொருந்த வேணும். களஞ்சியத்தில மூட்டையை நிறுத்தனான். இஞ்சை ஆக்களை அறியிறன். எனக்கு இது பிடிச்சிருக்கு" என்றார் ஒரு கசற்றில்.

அவர் வாயால் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். கறி நல்லாயிருக்கோ என்று கேட்டால்கூட "பரவாயில்லை" என்கிறவர்.

அந்த நாட்டில் அப்போதுதான் கந்தோர்களில் எழுத்து வேலைக்குத் தங்கள் நாட்டுப் பிள்ளைகளையும் இருத்திப் பழக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லத் தொடங்கியிருந்தது. இவருடைய கம்பனிக்கும் ஒரு இளைஞனை அனுப்பினார்கள். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. படித்திருந்தான், ஆனால் கந்தோர் வேலை ஒன்றும் தெரியாது. ஆட்களை எடுத்து வேலைக்குப் போடுகிற ஆளணிப் பகுதியில் இருத்துமுன் வாசலிலிருந்து பழகட்டும் என்று இவரிடம் விட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் இவருக்குப் புத்தி சொன்னார்களாம், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்காதே, பழகிவிட்டால் உன்னுடைய கதிரைதான் போகும் என்று. இங்கே மச்சாளும் அதைத்தான் சொன்னா.

"விசரன். தன்ரை கதிரைக்குத் தானே ஆள் பழக்கிறான்."

அடுத்த கசற்றில் நான் அதைச் சொல்லி அனுப்பினேன். அவர் தன் அக்காவுக்குப் பதில் அனுப்பினார்: "அவன்ரை நாடு அக்கா. அவன் பழகத்தானே வேணும்."

ஒருமுறை அந்த இளைஞன் ஒரு பிழை விட்டான். வெள்ளிக்கிழமை ஓய்வு நாள். அன்று வேலைக்கு வர விருப்பமுள்ளவர்களின் பெயரை எழுதி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவன் எங்கள் ஆட்கள் இருக்கிற அறைகளுக்குப் போய்க் கேட்டிருக்கிறான். எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? சிரித்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சரித்திருக்கிறார்கள். ஒருவன் "வேண்டாம் சேர்" என்று நெளிந்திருக்கிறான். இவர்கள் வெட்கப்படுகிறார்கள், உள்ளுக்குள் விருப்பம்தான் என்று நினைத்து அவன் எல்லோரையும் வருவதாக எழுதிவிட்டான். வெள்ளி விடிய லொறி வந்து நிற்க, பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களும், வேண்டாம் என்றவர்களை ஏன் எழுதினாய் என்று வாசலில் நின்று சண்டை பிடித்தார்கள்.

அன்றைக்கு இவர் அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து ஒன்று சொன்னாராம். அதைக் கசற்றில் எனக்கும் சொன்னார். நான் பல தரம் கேட்டதால் இப்போதும் அந்தக் குரலோடு ஞாபகம் இருக்கிறது.

"நான் சொன்னனான், தம்பி, சாப்பாட்டில வேற, கந்தோரில வேற. சாப்பாட்டில ஒருத்தன் போதுமெண்டால் இன்னும் ரெண்டு அகப்பை போடலாம். கந்தோரில ஒருத்தன் வேண்டாமெண்டால் வேண்டாம்தான். ஒருக்காக் கேள். அவன் சொல்லுறதை எழுது. அவன்ரை மனசுக்குள்ள என்ன கிடக்கெண்டு நீ நினைச்சு எழுதாதை. பேனை உன்ரை கையில கிடக்கு, ஆனபடியால் நீதான் கவனமா இருக்க வேணும்."

எவ்வளவு நல்லாய்ச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மச்சாளுக்கும் போட்டுக் காட்டினேன்.

இரண்டு வருடத்தில் அந்த இளைஞன் ஆளணிப் பகுதிக்கு அதிகாரியாகிவிட்டான். அந்தக் கதிரையில் இருந்த முதல் உள்நாட்டுக்காரன் அவன்தான் என்று இவர் தன் பிள்ளையைச் சொல்வதுபோலச் சொன்னார். அதே கசற்றில்தான் மற்றச் செய்தியும் வந்தது. ரைம் கீப்பர் வேலைகளை இனி உள்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். இவருடைய ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. ஆனால் ஆளணிப் பகுதியில் புதிதாக ஒரு உதவியாளர் வேலை வரப்போகிறது. புதிதாக வருகிற உள்நாட்டுப் பிள்ளைகளைப் பழக்குவதும், வெளிநாடுகளிலிருந்து ஆள் எடுக்கும்போது யார் எதற்குச் சரி என்று பார்ப்பதும்தான் வேலை.

பஸ்சின் தகரம் காற்றில் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு அந்தக் கதிரை கிடைச்சால், இஞ்சேரும், வேற ஒண்டும் வேண்டாம். அந்த வேலையை எனக்கெண்டே செய்தது மாதிரிக் கிடக்கு. நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. உமக்குத்தான் சொல்லுறன்" என்றார்.

ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை என்றதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தானாகப் போய் ஒரு பதவியைக் கேட்கிற மனிதர் உண்டா என்ன?

எண்பத்திரண்டாம் ஆண்டு, காலபோகம் வெட்டி முடிந்து முற்றத்தில் நெல்லுக் காய்ந்துகொண்டிருந்த நேரம், அவர் லீவில் வந்தார். வந்து இரண்டு கிழமையில் அந்த இளம் அதிகாரி கொழும்புக்கு ஆள் எடுக்க வந்திருப்பதாகத் தந்தி வந்தது. மேசன்மாரையும் தச்சுவேலைக்காரரையும் பார்க்க ஏஜென்சிக்காரர் கிளிநொச்சிக்குக் கூட்டி வருவதாகவும், வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து போக வேண்டும் என்று அவர் ஆசைப்படுவதாகவும் அதில் இருந்தது. உதவியாளர் கதிரைக்கு இன்னும் ஆள் போடவில்லை என்பது இவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மச்சாளுக்குத் தெரியும். ஆகவே வேலிக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் தெரியும்.

வாய்க்கால் மதகு ஒடுக்கம் என்றபடியால் அதிகாரி வந்த வான் அந்தப் பக்கமே நின்றது. அவர் இறங்கி நடந்து வந்தார். அரபிக்காரர் என்றால் நீள அங்கியும் தாடியுமாக இருப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்குப் பெரிய ஏமாற்றம். சேட்டும் காற்சட்டையும்தான் போட்டிருந்தார். தலையில் மட்டும் பூவேலை செய்த ஒரு தொப்பி.

"இதென்ன, தபால்காரப் பெடியன் மாதிரிக் கிடக்கு" என்றார் ஓம் பொருளாளர்.

"சத்தம் போடாதையுங்கோ, விளங்கிப்போடும்" என்றார் இன்னொருவர்.

"தமிழ் விளங்கினால் ஏன் இஞ்சை ஆள் தேடி வாறார்?"

கதிரை தூக்கிப் போடவும் இலை வெட்டவும் பக்கத்துக் காணிக்காரர் உதவிக்கு வந்திருந்தார். அவர் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். எங்கள் குசினிச் சுவர் அவர் கட்டியதுதான். என்னைத் தங்கச்சி என்பார், இவரைக் கிளாக்கரய்யா என்பார்.

மச்சாள் விடியவே குசினிக்குள் நுழைந்துவிட்டா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, மோர்மிளகாய், பாயசம். அதிகாரி பாயில் சப்பாணி கட்டி இருந்து கையால் வடிவாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை சோறு கொண்டுபோனபோது இலைக்கு மேல் கையை விரித்துப் போதும் என்றார். மச்சாள் அந்தக் கைக்கு இடைவெளியால் சோற்றைப் போட்டா. பிறகு கறியும் விட்டா. அவர் பெரிதாகச் சிரித்து இவரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்:

"என் அம்மாவும் இப்படித்தான். போதும் என்று சொன்னால் அம்மாவுக்குக் காது கேட்காது."

நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். பேச வராது, ஆனால் அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, இவர் எங்கள் பழக்கம் தெரிந்த பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டேன். மனம் ஆறுதலாக இருந்தது.

கை கழுவப் பின்பக்கம் வந்தவர் குசினிச் சுவரைக் கண்டார். கையால் தடவிப் பார்த்து, யார் பூசியது என்று கேட்டார். இவர் பக்கத்துக் காணிக்காரரைக் காட்டினார்.

"எங்களிடம் வேலைக்கு வருவாரா என்று கேளுங்கள்."

இவர் திரும்பி, "உம்மைத் தங்கடை நாட்டுக்கு வேலைக்கு..." என்று தொடங்கினார்.

"வர்றேனுங்க!" என்றார் அவர், கதிரையை ஒரு கையில் பிடித்தபடி.

முற்றம் முழுக்கச் சிரிப்பு. மச்சாள் விட்டாவா? "அட, பாஸ்போட்டும் மடிக்குள்ள கிடக்கோ?"

"இல்லீங்கக்கா. எங்க தோட்டத்துல காலையில பிரட்டுல பேரு கூப்புடுறப்ப ரோசிச்சு நின்னா அன்னைக்கு வேலை இல்லீங்க. அடுத்தவன் பேரு விழுந்துரும்."

"ஓம் பொருளாளருக்கு ஒரு தம்பி வந்திட்டார்!" என்று வேலிப் பக்கம் இருந்து ஒரு குரல். ஓம் பொருளாளரே சிரித்தார், தன்னைவிட்டு இன்னொருவர் மேல் அந்தப் பெயர் போகிறதே என்ற சந்தோசத்தில். பக்கத்துக் காணிக்காரரும் தலையைக் குனிந்து சிரித்தார். நானும் சிரித்தேன், கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு.

அந்தச் சிரிப்பு அடங்கமுன்தான் அதிகாரி இவர் பக்கம் திரும்பினார். எதற்காக எல்லோரும் சிரித்தார்கள் என்று அவருக்கு விளங்கியிருக்காது. மரியாதையாக, கொஞ்சம் மெதுவாக, சொற்களைத் தேடித் தேடிக் கேட்டார்.

"உங்களுக்கும் ஒரு கதிரை இருக்கிறது. என் பக்கத்தில், உதவியாளர். எங்கள் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். என்னைப் பழக்கியதுபோல. வருவீர்களா?"

ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் அது என்ன கேள்வி என்று விளங்கியது. இவர் நிலத்தைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னார்:

"எனக்கென்னத்துக்கு சேர்? என்னைவிடப் படித்தவர்கள் கந்தோரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள்."

ஆங்கிலத்தில் சொன்னாலும் அது எங்கள் கூட்டங்களில் கேட்கிற அதே வசனம்தான். எவ்வளவு அடக்கமாகச் சொன்னார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மச்சாள் என் முழங்கையில் இடித்தா. வேலிப் பக்கம் நின்றவர்களும் சரி என்பதுபோல நின்றார்கள். எல்லோரும் இரண்டாம் கேள்விக்குக் காத்திருந்தோம்.

அதிகாரி அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்துத் தலையை மெல்லக் குனிந்து, "விளங்குகிறது" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் பாயசம் கொண்டுபோனேன்.

போகும்போது இவர் மதகடிவரை கூட நடந்தார். மிக மெதுவாக நடந்தார். நான் வேலிப் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வாய்க்கால் கட்டில் நின்று ஏதோ கதைத்தார்கள். அதிகாரி இவரைக் கட்டிப்பிடித்தார். வான் வெளிக்கிட்டுப் புழுதி அடங்கிய பிறகும் இவர் அங்கேயே நின்றார்.

"என்னவாம்?" என்றேன் வந்தவுடன்.

"தண்ணி எங்கையிருந்து வருதெண்டு கேட்டார். இரணைமடுக் குளத்திலயிருந்து எண்டு சொன்னனான்."

"வேற ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை."

மச்சாள் தேறுதல் சொன்னா. "பெரிய மனிசர் ஒரே நாளில ரெண்டு தரம் கேப்பினமே? கொழும்புக்குப் போய்த் தந்தி அடிப்பார் பார். இல்லையெண்டால் நீ அங்கை போக, கந்தோரில கூப்பிட்டு இருத்திக் கேப்பார்."

அதை நாங்கள் நம்பினோம். அதிகாரி கொழும்பில் நின்ற அந்தக் கிழமை முழுக்கத் தபால்காரர் சைக்கிள் மணியை அடிக்கும்போதெல்லாம் நான் படலைக்குப் போனேன். நீங்களே ஒரு சொல் எழுதிப் போடுங்கோவன் என்று இவரிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தானாக எழுதிக் கேட்டால் அது எப்படி இருக்கும்? அலந்து திரிகிற மாதிரி இருக்கும். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர் ஒரே விடயத்தை நினைத்துக்கொண்டு, முற்றத்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தோம்.

லீவு முடிந்து திரும்பிப் போனார். பக்கத்துக் காணிக்காரரும் கப்பலாட்டம் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாதம் போனார். பிறகு கசற் வந்தது.

அந்தக் கசற்றை நான் மச்சாளுக்கு முன்னால் போடவில்லை. முதலில் அந்தப் பஸ்சின் தகரச் சத்தம். பிறகு இவர் சிரித்தார். சிரிப்பில் இருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கதிரைக்கு ஆள் போட்டாச்சு, இஞ்சேரும். கணக்குப் பகுதியில இருந்த மலையாளத்துக்காரர். நல்ல ஆள். நான் போய்ப் பெடியனிட்டைக் கேட்டனான், இன்னுமொருக்காக் கேப்பீரெண்டு பாத்துக்கொண்டிருந்தனான் எண்டு. அவன் திகைச்சுப் போனான். நீங்கள்தானே சொல்லித் தந்தது, ஒருக்காக் கேள், சொல்லுறதை எழுது, மனசுக்குள்ள கிடக்கிறதை நீயா நினைக்காதை எண்டு. உங்கடை முகத்தில விருப்பம் தெரிஞ்சது, ஆனால் நீங்கள் வேண்டாமெண்டு சொன்னியள், நான் அதை எழுதிப்போட்டன் எண்டான். அவன் அழுதுபோட்டான். நான் என்ன சொல்லுறது? சரியாத்தான் பழகியிருக்கிறான்."

கொஞ்சநேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "கந்தோரில வைச்சுக் கேட்டிருந்தால் ஓமெண்டிருப்பன். வீட்டு முத்தத்தில, அத்தினை பேர் சிரிச்ச கையோடை... நாக்கு உளறி வீட்டுக் கதை கதைச்சுப்போட்டுது."

அந்த வருட முடிவில் ஒப்பந்தம் முடிந்து வந்துவிட்டார். கொண்டுவந்த பெட்டியில் இலக்கம் போட்ட ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அவருடைய சொந்தத் தகடு. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லையாம்.

வேறு ஏஜென்சியில் முயற்சி செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்க, அடுத்த ஆடியில் கலவரம் வந்து கொழும்பு எரிந்தது. பிறகு கொழும்புக்குப் போய் வருவதே பெரும்பாடாகிவிட்டது. எங்களிடம் ஆள் எடுக்க யாரும் வரவில்லை. சங்கத்தின் களஞ்சியத்தில் வேறொருவர் நிறுத்துக்கொண்டிருந்தார். இவர் வயலுக்குப் போனார். நல்ல கமக்காரர் என்று சொல்ல மாட்டேன். வரம்பில் நின்று நாற்று நடுகிற பெண்களைப் பார்ப்பார். யார் வேகமாக நடுகிறா, யாருக்கு இடுப்பு நோகிறது, யாரை எந்தப் பக்கம் விட்டால் நல்லது என்று என்னிடம் மெதுவாகச் சொல்வார். அவர் சொன்னபடி மாற்றி விட்டால் வேலை சுகமாக முடியும். அந்த அளவுக்குத்தான் அந்தக் கெட்டித்தனம் பயன்பட்டது. திரும்பவும் நான்கு சொல்லுக்கு மேல் பேசாத மனிதராகிவிட்டார். ரேப் றெக்கோடர் மேசையில் இருந்தது. சில நாள் அவர் வயலுக்குப் போன பிறகு பழைய கசற் ஒன்றைப் போட்டுக் கேட்பேன். எனக்கு அந்த மனிதரோடு கதைக்க விருப்பம்.

பக்கத்துக் காணிக்காரர் எண்பத்தாறில் லீவு கிடைத்து வந்தார். வவுனியாவரை ஒரு பஸ், பிறகு இன்னொன்று என்று மாறி மாறி வந்து சேர்ந்தவர், பயணக் களை தீரமுன் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். மேசனாகப் போனவர் இப்போது மேசன்மாருக்குத் தலைவர். பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை என்னிடம் தந்தார். நான் "வேண்டாமண்ணை, பிள்ளையளுக்கு வையுங்கோ" என்றேன். அவர் சிரித்து அதை மேசையில் வைத்துவிட்டு இவரிடம் சொன்னார்:

"கிளாக்கரய்யா, அந்தத் தொப்பிக்கார சாரு இப்ப ரொம்பப் பெரிய ஆளு. புதுசா வர்ற அவங்க ஊருப் புள்ளைங்களுக்கு மொதல்ல ஒண்ணுதான் சொல்லிக் குடுப்பாராம். ஒருக்காக் கேளு, அவன் சொல்றத எழுதுன்னு. இது எனக்கு ஒரு சிலோன்காரர் சொல்லிக் குடுத்ததுன்னு உங்களத்தான் சொல்லுவாராம்."

இவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மலையாளத்துக்காரர் இருக்கிறாரோ அந்தக் கதிரையில?"

"இருக்காருங்க. நல்ல மனுசன். ஆனா ஆளப் பாத்து வேல குடுக்கத் தெரியாது, கணக்குத்தான் தெரியும்." கொஞ்சம் பொறுத்து அவர் கேட்டார்: "ஏங்க, அன்னைக்கு நீங்க எதுக்கு வேணாம்னீங்க? நான் இன்னைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். எனக்கு வெளங்கவே இல்ல."

அந்த நான்கு வருடத்தில் ஊரில் ஒருவரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. ஊருக்கு அதில் விளங்காத ஒன்றும் இருக்கவில்லை. மச்சாள்கூட அதிகாரியைத்தான் குறை சொல்லுவா, "இன்னொருக்காக் கேக்கத் தெரியாத சனம்" என்று. இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். "சும்மாதான்" என்றார்.

எண்பத்தொன்பதில், சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு இடைவெளியில், கமக்காரர் சங்கத்தைத் திரும்பக் கூட்டினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் பாதி ஓடு இல்லை. வெயில் விழாத பக்கமாக எல்லோரும் நெருக்கி இருந்தோம். பழைய செயலாளர் இந்தியாவுக்குப் போய்விட்டார். தலைவர் எழும்பி, செயலாளராக என் கணவரை வரச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு தரம் கேட்க வேண்டுமே என்ற ஆறுதலில், வெற்றிலைப் பையை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ஓம்" என்றார் இவர்.

தலைவருக்குக் கை அப்படியே நின்றது. "இல்லை... உடன சொல்ல வேண்டாம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சிட்டன். ஓம். நான் செய்யிறன்."

மண்டபம் குலுங்கச் சிரித்தது. ஓம் பொருளாளர் கிழவராகிவிட்டார். அவர் எழும்பி நின்று கையைத் தட்டினார். "வா தம்பி, வா! இத்தினை வருசமா நான் தனிய நிண்டனான்!" மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. "மானம் போச்சு" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா. நான் மட்டும் சிரிக்கவில்லை. இவர் காது சிவக்காமல் நிமிர்ந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. இந்தச் சொல்லை இந்த மனிதர் ஏழு வருடம் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து வாய்க்கால் கட்டால் வீட்டுக்கு நடந்தோம். மதகடிக்கு வந்ததும் அவர் நின்றார். வான் நின்ற இடம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, நாயுருவி முளைத்திருந்தது.

"உம்மட்டை ஒண்டு சொல்ல வேணும்" என்றார். "உந்தச் செயலாளர் வேலை எனக்கு விருப்பமில்லை. ஒரு துண்டும் விருப்பமில்லை."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "பின்னை ஏன் ஓமெண்டனீங்கள்?"

"ஒருக்காத்தான் கேப்பினமெண்டு பயந்துபோனன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரும் மதகைக் கடந்து வீட்டுக்கு வந்தோம். அவர் அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்.